தசமத்தை எங்கே வெட்டுவது?

பி.காம் படிப்பவர்களுக்கும் வெப் டிசைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஒரு சாயங்காலம் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குள் எட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் டேலி, இன்னொரு பக்கம் எச்டிஎம்எல். டேலி கற்றுக்கொள்ள வந்தவர் பக்கத்து சீட்டைப் பார்த்துப் பார்த்தே வெப் டிசைனும் கற்றுக்கொண்டு, மாமாவின் ஸ்பிரிங் கம்பெனிக்கோ தெருமுனை டியூஷன் சென்டருக்கோ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்துவிடுவார். நல்ல விஷயம்தான்.

எல்லாம் சரியாக வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். தேடு பெட்டியும் அதை ஒட்டிய பட்டனும் ஒரு பிக்சல் ஏறி இறங்கி நிற்கும். அல்லது வரிசையாக ஆறு கட்டம் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து நின்று, ஆறாவது மட்டும் கோபித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தாலும் காரணம் பிடிபடாது. ஏனென்றால் எழுதிய கோட் சரி. தப்பு, தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வைத்தியம் சொல்லுவார்கள். ஒன்று, "தசமத்தை இன்னும் நீட்டு, பத்து இலக்கம் போடு". இன்னொன்று, "இந்த எம், ரெம் எல்லாம் வம்பு, பேசாமல் எல்லாவற்றையும் பிக்சலில் எழுது". முதல் வைத்தியம் அரைகுறை. இரண்டாவது வைத்தியம் நோயைவிட மோசம். எத்தனை இலக்கம் வைப்பது என்பது இங்கே கேள்வியே இல்லை. எதிலிருந்து அளப்பது, எந்தக் கட்டத்தில் வெட்டுவது, இந்த இரண்டும்தான் கேள்வி. இதற்கான பதில் காமர்ஸ் படிப்பவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டுவிட்டது. கணக்கு நோட்டை மூடியதும் மறந்துபோகிறது, அவ்வளவுதான் :-)

சரி, விஷயத்துக்கு வரலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது சிஎஸ்எஸ். அதை நேரடியாக எழுதினால் ஒரே எண்ணை நூறு இடத்தில் எழுத வேண்டிவரும். அதனால் மாறிகள், கூட்டல் கழித்தல் வகுத்தல் எல்லாம் வைத்து எழுதி, கடைசியில் சாதாரண சிஎஸ்எஸ் ஆக மாற்றித் தரும் கருவிகள் வந்தன. சாஸ் 2006-ல் வந்தது, லெஸ் 2009-ல். அளவுகளில் பிக்சல் என்பது நேரடி அளவு. எம், ரெம் இரண்டும் சார்பு அளவுகள். எழுத்தின் அளவை எம்மில் சொன்னால், தன்னைச் சுமக்கும் பெட்டியின் எழுத்தளவைப் போல இத்தனை மடங்கு என்று பொருள். ரெம் என்றால் பக்கத்தின் வேரில் இருக்கும் எழுத்தளவைப் போல இத்தனை மடங்கு. யாரும் எதையும் மாற்றாவிட்டால் உலாவிகளில் அந்த வேர் 16 பிக்சல்.

16! இந்த எண்ணைப் பார்த்ததும் தாத்தா காலத்து ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு ரெம்முக்கு 16 பிக்சல். பன்னிரண்டு பிக்சல் என்றால் பன்னிரண்டணா, முக்கால் ரெம், 0.75. எட்டு பிக்சல் எட்டணா, 0.5. ஒரு பிக்சல் என்பது ஓரணா, அதாவது 0.0625.

இந்த 0.0625 நாட்டையே ஒரு தடவை படுத்தியிருக்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓரணாவுக்கு எத்தனை நயா பைசா? 6.25. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் மாற்று அட்டவணையில் வெட்டினார்கள். ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25.

இதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நாலணாவை மொத்தமாக மாற்றினால் 25 நயா பைசா. அதையே ஓரணா ஓரணாவாக நாலு தடவை மாற்றினால் 24. ஒரு பைசா காணோம்! யாரும் திருடவில்லை, யாரும் தப்பாகக் கூட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் வெட்டியதால் போனது. அட்டவணை மூன்றணாவுக்கு 18 என்று போடாமல் 19 என்று போட்டிருப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 6-ஐ மூன்றால் பெருக்கியிருந்தால் 18தான் வந்திருக்கும். அட்டவணை போட்டவர்கள் வெட்டிய எண்ணைப் பெருக்கவில்லை. 6.25-ஐப் பெருக்கி, 18.75 வந்த பிறகு வெட்டினார்கள்.

இன்றைக்கு வெப் டிசைனில் நடப்பதும் அச்சு அசல் இதேதான். 13 பிக்சலை ரெம்மாக மாற்றினால் 0.8125. "ரெண்டு தசமம் போதும்பா" என்று 0.81 போடுவார்கள். அது 12.96 பிக்சல். ஒரு இடத்தில் என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த 0.81-ஐ மாறியில் வைத்து, அதை ஒன்றரை மடங்கு ஆக்கி, அதிலிருந்து இன்னொன்றைக் கழித்து என்று போகும்போது விடுபட்ட துணுக்கும் கூடவே பெருகுகிறது. இத்தனைக்கும் 16-ஆல் வகுத்தால் எந்த முழு எண்ணும் நாலு தசமத்துக்குள் மிச்சமில்லாமல் முடிந்துவிடும். வெட்டவே தேவையில்லாத இடம் அது!

இப்போது முதல் வைத்தியத்துக்கு வரலாம். தசமத்தை நீட்டினால் பிரச்சினை தீருமா? இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் பூட்ஸ்ட்ராப். 2011-ல் ட்விட்டரிலிருந்து வெளிவந்த இந்தத் தொகுப்பை வைத்துப் போடப்பட்ட வெப்சைட்டுகள் எண்ணிலடங்காதவை. 2013-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் எழுத்து 14 பிக்சல், வரி உயரம் 20 பிக்சல். விகிதம் 20-ஐ 14-ஆல் வகுத்தது: 1.428571428571... முடிவே இல்லாமல் போகும்.

இதன் சாஸ் வடிவத்தைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை இருந்தது. சாஸ் அச்சிடும் தசம இலக்கங்கள் குறைந்தது 8 இருக்க வேண்டும். சாஸில் அப்போது தானாக இருந்ததோ 5. ஏன் 8? அழகுக்கா? மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து பெருக்கிப் பார்த்தால் தெரியும்.

5 இலக்கம்: 1.42857 × 14 = 19.99998
6 இலக்கம்: 1.428571 × 14 = 19.999994
7 இலக்கம்: 1.4285714 × 14 = 19.9999996
8 இலக்கம்: 1.42857143 × 14 = 20.00000002

8-ல்தான் இருபதைத் தாண்டுகிறது. தேடு பெட்டியின் உயரத்தை சாஸ் முன்கூட்டியே கணக்குப் போட்டு 34 பிக்சல் என்று முழு எண்ணாக எழுதிவிட்டது. பக்கத்திலிருக்கும் பட்டனின் உயரமோ உலாவியில்தான் கணக்காகிறது. அங்கே 19.99998 போய்ச் சேர்ந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிப் போடும் உலாவி 19 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பிக்சல் அவுட். ராத்திரித் தூக்கமும் அவுட்.

வேடிக்கை இனிமேல்தான். 5 போதவில்லை, 8 போதும் என்றால், 3 இன்னும் மோசமாக இருக்க வேண்டும் அல்லவா? போட்டுப் பாருங்கள். 1.429 × 14 = 20.006. நாலு இலக்கம் என்றால் 1.4286 × 14 = 20.0004. இரண்டுமே இருபதுக்கு மேலே! அதாவது 3 இலக்கம் பாஸ், 4 பாஸ், 5, 6, 7 ஃபெயில், 8 பாஸ். நிஜ எண்ணுக்கு மிக அருகில் இருக்கும் 7 இலக்கம் தோற்கிறது, தூரத்தில் இருக்கும் 3 ஜெயிக்கிறது. துல்லியம் கூடக் கூட விடை சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. முக்கியம் எவ்வளவு நெருக்கம் என்பது அல்ல, எந்தப் பக்கம் விழுகிறது என்பது.

"அப்போ எப்பவும் மேல் பக்கமே விழ வைத்தால் போச்சு" என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அகலத்தில் கதை தலைகீழ். ஆறு கட்டங்களை ஒரே வரிசையில் நிறுத்த, 100-ஐ 6-ஆல் வகுத்தால் 16.6666... பள்ளிக்கூட விதிப்படி இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 16.67. ஆறால் பெருக்கினால் 100.02. பெட்டி 1200 பிக்சல் என்றால் கட்டங்களுக்கு 1200.24 பிக்சல் வேண்டும். கால் பிக்சல் இடமில்லை. ஆறாவது கட்டம் கீழே. அதையே 16.66 என்று வெட்டியிருந்தால் அரை பிக்சல் சந்து விழுந்திருக்கும், எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. உயரத்தில் கீழே விழுந்தால் ஆபத்து, அகலத்தில் மேலே போனால் ஆபத்து. ஆக, இத்தனை இலக்கம் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லி எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது.

இன்றைய சாஸ், டார்ட் மொழியில் எழுதப்பட்ட வடிவம். பழைய ரூபி வடிவத்துக்கு 2019 மார்ச்சோடு ஆதரவு முடிந்துவிட்டது. புதியது 10 இலக்கம் வரை அச்சிடுகிறது, அந்த எண்ணிக்கையை மாற்றும் வசதியே அதில் இல்லை. "அப்புறம் என்ன, பிரச்சினை முடிஞ்சு போச்சே" எனலாம். கருவியின் பிரச்சினை முடிந்தது. மனிதர்களின் பிரச்சினை முடியவில்லை. 33.33% என்றும் 0.81 ரெம் என்றும் கையால் எழுதுபவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது. உள்ளே போகும்போதே வெட்டுப்பட்ட எண்ணுக்கு 10 இலக்கம் இருந்தால் என்ன, 100 இருந்தால் என்ன?

இங்கேதான் கூட்டாண்மைக் கணக்கு உதவிக்கு வருகிறது. புதிய கூட்டாளி சேரும் கணக்கைப் போடாமல் எந்த பி.காம் மாணவரும் பாஸ் ஆகியிருக்க முடியாது. இரண்டு பேர் 3:2 விகிதத்தில் லாபம் பிரிக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஆறில் ஐந்து. அதில் முதல்வருக்கு ஐந்தில் மூன்று, இரண்டாமவருக்கு ஐந்தில் இரண்டு. பெருக்கினால் அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. புது விகிதம் 3:2:1. லாபம் ஆறு லட்சம் என்றால் மூன்று லட்சம், இரண்டு லட்சம், ஒரு லட்சம். சுத்தம்.

இதையே தசமத்தில் போட்டால்? ஆறில் ஐந்து 0.83, ஆறில் ஒன்று 0.17. முதல்வருக்கு 0.6 × 0.83 = 0.498, அதாவது 2,98,800. இரண்டாமவருக்கு 0.4 × 0.83 = 0.332, அதாவது 1,99,200. புதியவருக்கு 1,02,000. கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஆறு லட்சம், டேலி ஆகிறது! ஆனால் புதியவர் பையில் 2,000 ரூபாய் அதிகம். மொத்தம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. கூட்டல் சரியாக வந்தால் கணக்கு சரி என்று நினைப்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

எந்த வாத்தியாராவது "விகிதத்தை முதலில் தசமமாக மாற்றிக்கொள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாரா? கிடையாது. பின்னத்தைப் பின்னமாகவே கடைசி வரி வரைக்கும் கொண்டுபோ, ரூபாயாக மாறும் இடத்தில் பைசாவைப் பார்த்துக்கொள் என்பதுதான் பாடம்.

எம் என்ற அளவும் இந்தக் கூட்டாண்மைக் கணக்கேதான். ஆறில் ஐந்தில் ஐந்தில் மூன்று என்பதுபோல, ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதன் அளவில் இத்தனை மடங்கு. தமிழில் கீழ் முந்திரி என்று ஒரு பழைய அளவு உண்டு. முந்திரி என்றால் 320-ல் ஒன்று. கீழ் முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-ல் ஒன்று, அதாவது 1,02,400-ல் ஒன்று. 'கீழ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் அளவுகோலே மாறிவிடுகிறது. எம்முக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்கள் மாவையும் காணியையும் முந்திரியையும் பின்னமாகவே வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் குறிகள் 2019-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டன. அந்த முறையிலும் மூன்றில் ஒன்று மிச்சமில்லாமல் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 320 மூன்றால் வகுபடாது. எந்த அளவுமுறைக்கும் அதற்கு அடங்காத பின்னம் ஒன்று இருக்கவே செய்யும்.

உலாவிகளிலும் இதே கதை. குரோம் ஒரு பிக்சலை 64 துண்டாக்கிக் கணக்கு வைக்கிறது. பழைய ரூபாய்க்கு 64 பைசா மாதிரி! ஃபயர்பாக்ஸ் 60 துண்டாக்குகிறது. 60 மூன்றாலும் ஐந்தாலும் மிச்சமில்லாமல் வகுபடும், 64 வகுபடாது. எப்படியும் கடைசியில் உலாவி ஒரு தடவை வெட்டத்தான் போகிறது. அதற்கு முன்னாலேயே டிசைனர் ஒரு தடவை, சாஸ் ஒரு தடவை என்று வழிநெடுக வெட்டுவானேன்?

சரி, எங்கே வெட்டுவது என்பதைப் பார்த்தாயிற்று. எதிலிருந்து அளப்பது? இதற்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே லேத்திலும் மில்லிங்கிலும் நிற்பவர்களுக்கு இந்த விஷயம் தண்ணி பட்ட பாடு.

ஒரு தகட்டில் வரிசையாகப் பத்து ஓட்டை போட வேண்டும், இடைவெளி 100 மில்லிமீட்டர். ஓரத்திலிருந்து முதல் ஓட்டை, முதல் ஓட்டையிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று அளந்துகொண்டே போவது ஒரு வழி. ஒவ்வொரு அளவிலும் 0.1 மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்றால், பத்தாவது ஓட்டைக்குப் போகும்போது 1 மில்லிமீட்டர் வரை தள்ளிப் போகலாம். ஜாப் ரிஜெக்ட். இன்னொரு வழி, தகட்டின் ஒரு ஓரத்தை டேட்டம் என்று வைத்துக்கொண்டு எல்லா ஓட்டையையும் அங்கிருந்தே அளப்பது. அப்போது பத்தாவது ஓட்டையும் 0.1-க்குள்தான் தப்பும். இரண்டு வழியிலும் வெர்னியர் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். அளக்கத் தொடங்கும் இடம்தான் வேறு.

முதல் வழி எம். இரண்டாவது வழி ரெம். பட்டியலுக்குள் பட்டியல் வரும் இடத்தில் 0.9 எம் என்று எழுதிவிட்டால், முதல் மட்டம் 14.4 பிக்சல், அதற்குள் 12.96, அதற்கும் உள்ளே 11.664. மூன்றாவது மட்டத்தில் பூதக்கண்ணாடி வேண்டும். 0.9 ரெம் என்றால் எந்த ஆழத்திலும் 14.4.

அதற்காக எம் வேண்டவே வேண்டாம் என்பதும் சரியில்லை. ஒரு போல்ட்டுக்கும் அதன் நட்டுக்கும் உள்ள பொருத்தத்தைத் தகட்டின் ஓரத்திலிருந்து யாரும் அளக்க மாட்டார்கள். ஒன்றையொன்று சார்ந்த இரண்டை ஒன்றிலிருந்து ஒன்றுதான் அளக்க வேண்டும். பட்டனுக்குள் இருக்கும் எழுத்து பெரிதானால் சுற்றியிருக்கும் இடமும் பெரிதாக வேண்டும், அங்கே எம் சரி. எழுத்தின் அளவுக்கு ரெம், எழுத்தோடு ஒட்டிய இடைவெளிக்கு எம். டேட்டம் எது, ஜோடி எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

இனி இரண்டாவது வைத்தியம். "இவ்வளவு தலைவலி எதுக்கு, எல்லாத்தையும் பிக்சலில் எழுதிட்டுப் போயிடலாமே. தசமமே வராதே." உண்மைதான், வராது. ஆனால் அந்தத் தலைவலி எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். அது டிசைனர் தலையிலிருந்து இறங்கி, படிப்பவர் கண்ணில் ஏறிக்கொள்கிறது.

அம்பத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது பூந்தமல்லி. பார்வைக் குறையுள்ளோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. பார்வைக் குறையுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பார்வைக் குறை என்றாலே முழு இருட்டு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் நிறையப் பேர், எழுத்து பெரிதாக இருந்தால் படித்துவிடுவார்கள். அதற்காகத்தான் குரோமில் எழுத்தளவு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நடுத்தரம் 16, பெரியது 20, மிகப் பெரியது 24. ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டால் போதும். ரெம்மில் எழுதிய பக்கம் எல்லாம் அவர்களுக்கு ஏற்ற மாதிரி பெரிதாகிவிடும். முக்கால் ரெம், 12 பிக்சலுக்குப் பதில் 15 ஆகவோ 18 ஆகவோ தெரியும். ரூபாய் பெரிதானால் அணாவும் கூடவே பெரிதாகும் அல்லவா, அந்த மாதிரி.

எழுத்தின் அளவைப் பிக்சலில் எழுதிய பக்கத்துக்கு அந்த அமைப்பு செவிடன் காதில் ஊதிய சங்கு. 12 என்றால் 12தான். இன்னும் சிலர் ஒரு சாமர்த்தியம் செய்கிறார்கள். ரெம்மில் எழுதுவது சுலபமாக இருக்கட்டும் என்று, வேரிலேயே 10 பிக்சல் என்று எழுதிவிடுகிறார்கள். 14 பிக்சலுக்கு 1.4 ரெம், 16-க்கு 1.6, கணக்கு ஜோர். ஆனால் வேரைப் பிக்சலில் கட்டிப்போட்ட பிறகு, அதைச் சார்ந்த ரெம் எல்லாமே முகமூடி போட்ட பிக்சல்தான். அந்தச் சுலபம் வேண்டுமென்றால் வேருக்கு 62.5% என்று எழுத வேண்டும். ரூபாய்க்குப் பத்தணா! 16-ல் அது 10, 24-ல் அது 15. படிப்பவரின் விருப்பமும் தப்பிக்கும், டிசைனரின் கணக்கும் தப்பிக்கும்.

"ஜூம் இருக்கே, பெரிசு பண்ணிக்க வேண்டியதுதானே?" இது நியாயமான கேள்வி. ஜூம் செய்தால் பிக்சலும் பெரிதாகும், உண்மை. ஆனால் எழுத்தோடு சேர்ந்து படம், மெனு, விளம்பரம் எல்லாம் பெரிதாகி, திரையில் பாதி வேண்டாததால் நிரம்பும். அதற்கும் மேலே, எழுத்தளவு என்பது படிப்பவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒரு வேண்டுகோள். சொன்னதைக் கேட்காமல் இருந்துவிட்டு, "இன்னொரு வழி இருக்கே" என்பது நல்ல பதிலா?

தமிழ் பக்கங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்து 12 பிக்சலில் ஓரளவு தெரிந்துவிடும். அதே அளவில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துப் பார்க்கவே சிரமம். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, திரையில் ஒட்டிய தூசியா என்று சந்தேகம் வரும். கூ, ஞூ போன்றவை கட்டெறும்பாகத் தெரியும். மேலே கொம்பும் கீழே சுழியும் இருப்பதால் வரி உயரமும் தாராளமாக வேண்டும். ஆங்கிலத்துக்கென்று போட்ட அளவை அப்படியே பிக்சலில் வைத்து, மேலே தமிழை ஊற்றினால் பாட்டிக்கும் படிக்க முடியாது, பேரனுக்கும் முடியாது.

இது வெறும் பெருந்தன்மை விஷயமும் அல்ல. எழுத்தை 200% வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் கெடக் கூடாது என்று 2008-ல் வந்த சர்வதேச அணுகல் நெறிமுறையிலேயே இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கென்று இந்திய அரசு 2009-லிருந்து தனி வழிகாட்டி வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. தெருமுனை டியூஷன் சென்டரின் வெப்சைட்டை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் அதைப் போட்டுக் கொடுத்துப் பழகுபவர்தான் நாளைக்கு ஒரு பேங்க்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போடப் போகிறார். கை பழகிய பழக்கம் கூடவே போகும்.

ஆக, சார்பு அளவுகள் வேண்டும். அவை வந்தால் தசமமும் வரும். வந்தால் என்ன செய்வது? மூன்றே விஷயம்.

முதலாவது, வகுத்ததை எழுதாதே, வகுத்தலை எழுது. 33.33% என்று எழுதுவதற்குப் பதில், 100%-ஐ மூன்றால் வகு என்று கால்க் கட்டளையில் எழுதினால் உலாவியே வகுத்துக்கொள்ளும். 2017-லிருந்து உலாவிகளில் இருக்கும் கிரிட் முறையில் எஃப்ஆர் என்றே ஓர் அளவு உண்டு, தமிழில் சொன்னால் பங்கு. மூன்று கட்டத்துக்கு ஒவ்வொரு பங்கு என்று எழுதினால் போதும், இருக்கும் இடத்தை உலாவி பிரித்துக் கொடுத்துவிடும். சாஸில் எழுதும்போதும் 0.8125 என்று எழுதாமல், 13-ஐ 16-ஆல் வகு என்றே எழுதலாம். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

இரண்டாவது, முடிந்தால் ஒழுங்காக வகுபடும் விகிதத்தையே தேர்ந்தெடு. 2018-ல் வந்த பூட்ஸ்ட்ராப் நான்காம் பதிப்பில் எழுத்து 1 ரெம், வரி உயரம் 1.5. பதினாறும் ஒன்றரையும் பெருக்கினால் 24, தசமமே இல்லை. எட்டு இலக்கம், பத்து இலக்கம் என்ற பேச்சுக்கே அங்கே வேலையில்லை.

மூன்றாவது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசியில் வெட்டு, தெரிகிற மாதிரி வெட்டு. மளிகைக் கடை பில்லின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று தனி வரி இருப்பதைப் பார்த்திருக்கலாம். 2017-ஆம் வருஷத்து மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, கட்ட வேண்டிய வரியை முழு ரூபாய்க்கு ஆக்கச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் தள்ளுபடி. டேலியிலும் அந்தப் பைசாக்களுக்கென்று ஒரு லெட்ஜர் வைப்பார்கள். பைசா எங்கே போனது என்று ஆடிட்டர் கேட்டால் காட்ட முடியும். சாஸிலும் மேலே தள்ளவும் கீழே தள்ளவும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. உயரத்துக்கு எந்தப் பக்கம், அகலத்துக்கு எந்தப் பக்கம் என்று யோசித்து, பெயர் சொல்லி வெட்டினால் அது கணக்கு. இரண்டு தசமம் போதும் என்று கைக்கு வந்தபடி வெட்டினால் அது குத்துமதிப்பு.

"ஒரு பிக்சலுக்கா இவ்வளவு பெரிய கட்டுரை?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஒரு பிக்சல் ஏறி இறங்கினால் உலகம் அழிந்துவிடாது, சத்தியமாக. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் பிக்சலில் கட்டிப்போடும்போதுதான் சேதம் தொடங்குகிறது. பெட்டியும் பட்டனும் நேராக நிற்கும், கட்டமெல்லாம் வரிசையாக இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு பூந்தமல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அதைப் படிக்க முடியாது. கூட்டுத்தொகை டேலி ஆகி, பங்கு தப்பாகிப்போன அந்தக் கூட்டாண்மைக் கணக்கு மாதிரி.